கிடா தொடாத கதவு

மோன்தரால் கோட்டையில் அல்பயீஸின் வாய்க்குப் பயப்படாதவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் கோட்டைத்தலைவர் எப்லே. தனக்குக் கீழே இருப்பவர்கள் பேசுவது அவர் காதில் ஏறுவதே கிடையாது. மற்றவன் அவள் புருஷன் மார்சால். அவனுக்குக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது.

கோட்டை என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். லிமூசின் மலையில் எந்தக் குன்றைப் பார்த்தாலும் அதன் தலையில் ஒரு கோபுரமும், கோபுரத்தில் ஒரு பிரபுவும், பிரபுவுக்கு ஒரு பகையும் இருக்கும். மோன்தராலும் அப்படி ஒன்று. ஒரு கோபுரம், ஒரு மதில், மழை பெய்தால் முழங்கால் சேறாகிவிடும் முற்றம், ஒரே ஒரு வாசல். அந்த வாசலுக்குக் காவல் மார்சால். வாசலுக்கு மேலே இருந்த ஒற்றை அறையில் அவனும் அல்பயீஸும் குடியிருந்தார்கள். வெளியே பார்க்க ஒரு சின்ன ஜன்னல், தரையில் ஓர் ஓட்டை. எதிரி கதவை உடைத்து உள்ளே வந்தால் அவன் தலையில் கொதிநீர் ஊற்றுவதற்காக வைத்த ஓட்டை அது. எதிரி வராத நாளெல்லாம் அதன் வழியாகக் குளிர்காற்று வந்தது. அல்பயீஸ் அதன்மேல் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்திருந்தாள். கீழே கதவுக்குப் பின்னால் நிற்கும் புருஷனைத் திட்ட வேண்டுமென்றால் மட்டும் வாளியை நகர்த்துவாள். வாளி அடிக்கடி நகர்ந்தது.

அவள் ஆற்றங்கரையில் பீப்பாய் செய்கிற வீட்டுப் பெண். கட்டிக்கொடுத்தபோது அப்பா தந்த சீர் ஒரு வெறும் மெத்தையுறை. "நீயே நிரப்பிக்கோ" என்று சொல்லிவிட்டார். அவளும் நிரப்பினாள். எப்லேயின் பந்திக்கு வாத்து அடிக்கும்போதெல்லாம் சமையற்கட்டில் போய் உட்கார்ந்து இறகு பிடுங்கிக்கொடுப்பாள். கூலியாக நெஞ்சுப்பக்கத்து மெல்லிய இறகை மடியில் கட்டிக்கொண்டு வருவாள். வருஷக்கணக்கில் சேர்ந்த மெத்தை. அவ்வளவு தடிமனான மெத்தை அந்தக் கோட்டையில் வேறு யாரிடமும் இல்லை. அவளுக்குப் பிள்ளை இல்லை. செவலைப் பசு ஒன்று இருந்தது, மெத்தை இருந்தது, மார்சால் இருந்தான். இந்த வரிசையில்தான் அவள் மதிப்பு வைத்திருக்கிறாள் என்று சமையற்கட்டில் பேசிக்கொள்வார்கள். அவளும் மறுத்ததில்லை.

மார்சால் வாயில்லாப் பூச்சி. அவன் காத்த கதவோ எப்லேயின் தாத்தா காலத்தது. கீழ்ப்பலகைகளை உளு தின்று, ஆணிகள் துருப்பிடித்து, காற்றடித்தால் முனகும். ஒவ்வொரு வசந்தத்திலும் மார்சால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எப்லேயின் முன்னால் போய் நிற்பான். திரும்பி வந்ததும் மேலேயிருந்து வாளி நகரும்.

"கேட்டியாய்யா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"புதுசா ராஜாளி ஒண்ணு வாங்கியிருக்காராம். அதுக்கு வெள்ளிச் சலங்கை செய்யணுமாம். கதவ அடுத்த வருஷம் பாக்கலாம்னாரு."

"சண்டை வந்தா அந்த ராஜாளியா வந்து வாசல்ல நிக்கப்போவுது? நீ கேக்குற லட்சணம் அப்படி. நெலத்தப் பாத்துக் கேட்டா யாருய்யா குடுப்பா? மூஞ்சியப் பாத்துக் கேளு!"

மார்சால் சிரித்துக்கொள்வான். அந்தச் சிரிப்பைக் கண்டால் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

சண்டை வந்தது. வந்த காரணத்தைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. எப்லேயின் எஜமானர், மலைநாட்டில் பாதியை ஆள்கிறவர். அவரைப் பெரிய பிரபு என்பார்கள். அவருக்கும் பக்கத்து நாட்டு ஆர்ஷம்போ பிரபுவுக்கும் பெரிய வெள்ளியன்று கோயிலில் தகராறு. சிலுவையை யார் முதலில் முத்தமிடுவது என்று பீடத்துக்கு முன்னாலேயே தோளால் இடித்துக்கொண்டார்கள். ஆண்டவர் அவமானப்பட்டுச் செத்த நாளில் இந்த இரண்டு பேருக்கும் மானம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அதற்காகக் கோடை முழுக்க இரண்டு நாட்டிலும் களஞ்சியங்கள் எரிந்தன. கோடை முடிந்து, மலைச்சனத்தின் சாப்பாடான கஷ்கொட்டைக் காய் வெடித்து உதிரத் தொடங்கிய நேரத்தில் ஆர்ஷம்போவின் படை மோன்தரால் குன்றின் அடியில் வந்து கூடாரம் அடித்தது.

அவர்கள் கையோடு எதையும் கொண்டுவரவில்லை. எல்லாம் ஊரான் வீட்டுப் பொருள்தான். சரிவில் நின்ற பெரிய ஓக் மரத்தை வெட்டிக் கிளை கழித்தார்கள். ஊரிலிருந்த கலப்பைக் கொழுக்களைப் பிடுங்கி உருக்கி அதன் முனைக்கு இரும்புப் பூண் போட்டார்கள். இரண்டு கண்ணும் சுருண்ட கொம்பும் வரைந்து அதற்குக் கிடா என்று பெயர் வைத்தார்கள். சக்கரம் வைத்த நீளமான கொட்டகை ஒன்றைக் கட்டி, அதன் முகட்டிலிருந்து கிடாவைக் கயிற்றில் தொங்கவிட்டார்கள். கொட்டகைக்குள் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று அதைப் பின்னால் இழுத்துவிட்டால் அது தன் கனத்தில் முன்னால் போய் முட்டும். மேலேயிருந்து தீ எறிந்தால் பற்றாமலிருக்கக் கூரை முழுக்கப் பச்சைத் தோலைப் போர்த்தித் தண்ணீர் ஊற்றினார்கள். அதற்காக ஊர்மாடுகளையெல்லாம் உரித்திருந்தார்கள். நாற்றம் குன்றின் மேல் வரைக்கும் வந்தது.

ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அல்பயீஸ் கூரையின் முன்பக்கத்தில் ஒரு செவலைத் தோலைப் பார்த்தாள். கழுத்தில் வெள்ளைத் திட்டு. படை வந்த அன்று அவள் பசு கீழே ஓடைப்பக்கம் மேய்ந்துகொண்டிருந்தது.

"அடப் பாவிங்களா!" என்று கத்தினாள். "அது என் மாடுடா! கறந்த பால் இன்னும் பானையில இருக்குடா!"

கீழே கிடாவை இழுக்கிறவர்களுக்குத் தாளம் போட்டுக் குரல் கொடுக்கிற ஆள், சிவப்பு மூக்கன், அண்ணாந்து பார்த்தான். "அக்கா, கறி நல்லா இருந்துச்சு! கொஞ்சம் உப்புதான் கம்மி!"

"உப்பு வேணும்னா உன் மூக்க வழிச்சு நக்குடா!"

கொட்டகைக்குள் இருந்தவர்களே சிரித்தார்கள். அல்பயீஸ் சிரிக்கவில்லை. ஜன்னலை விட்டு உள்ளே வந்து பால்பானையை மூடி வைத்தாள்.

அதன் பிறகு ஆர்ஷம்போவின் கட்டியக்காரன் வாசலுக்கு முன்னால் வந்து கொம்பு ஊதினான்.

"கிடா கதவைத் தொடுறதுக்கு முன்னாடி தெறந்துவிட்டா உசுரும் உடைமையும் உங்களோடது. தொட்டுட்டா உள்ள ஒரு கோழிக்குஞ்சுகூட மிஞ்சாது. வாசக் காவக்காரன அந்தக் கதவுலயே தொங்கவிடுவோம். எங்க பிரபு படை முன்னாடி சத்தியம் பண்ணியிருக்காரு!"

இது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. முற்றத்தில் கூடியிருந்த சமையற்காரர்கள், குதிரைக்காரர்கள், அடைக்கலம் தேடி வந்த ஊர்ச்சனம், பால்குடிப் பிள்ளைகள் எல்லாரும் எப்லேயின் முகத்தைப் பார்த்தார்கள். கதவைத் திறக்கச் சொல்லுவார் என்றுதான் அவர்களுக்கு நினைப்பு.

எப்லே மீசையைத் தடவிக்கொண்டார். "கிடா வரட்டும். ஒரே ஒரு இடி இடிக்கட்டும். உடனே கதவத் தெறந்துடலாம்."

முற்றத்துக்கு இறங்கி வந்திருந்த அல்பயீஸ்தான் கேட்டாள். "இடிச்சப்புறம் தெறந்தா வெட்டிப் போட்டுருவோம்னுதானே பிரபு அவன் கத்திட்டுப் போறான்?"

"இடி வாங்காம தெறந்தா பெரிய பிரபு எனக்குத் துரோகிப் பட்டம் கட்டிருவாரு. போன வருஷம் ஒருத்தன் அப்படித் தெறந்துவிட்டான். என்ன பண்ணாங்க தெரியுமா? அவன் கேடயத்தத் தலைகீழாத் தொங்கவிட்டாங்க."

"தொங்குனது கேடயம்தானே பிரபு? இங்க தொங்கப்போறது எம்புருஷன்."

"மானம்னா என்னன்னு உனக்குப் புரியாது பொம்பள."

"புரியவே வேணாம். அதப் புரிஞ்சுக்கறதுக்குக் கழுத்து ஒண்ணு மிச்சம் இருக்கணும்ல?"

மார்சால் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தான். கோட்டைக் கோயில் சாமியார் பொன்ஸ், புனித மார்சாலின் விரலெலும்பு இருந்த வெள்ளிப் பேழையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "கலங்காதீங்க, புனிதர் பாத்துக்குவாரு" என்றார். புனிதர் பார்த்துக்கொள்வார் என்று சொன்ன கையோடு தன் குதிரைக்குச் சேணம் போட்டு வைக்கவும் ஆள் அனுப்பியிருந்தார். அல்பயீஸ் அதைக் கண்ணால் பார்த்தவள்.

ஆக, நிலைமை இதுதான். வெளியே இருக்கிற பிரபுவின் சத்தியப்படி கிடா தொட்டுவிட்டால் அத்தனை பேரும் காலி. உள்ளே இருக்கிற பிரபுவின் மானப்படி கிடா தொட்டே ஆக வேண்டும். இந்த இரண்டு மாமனிதர்களுக்கும் நடுவில் உளுத்துப்போன ஒரு கதவு. அந்தக் கதவுக்குப் பின்னால் மார்சால்.

மறுநாள் காலையில், தூறலில், கொட்டகை நகரத் தொடங்கியது. வாசலுக்கு முன்னால் இருந்த பள்ளத்தைச் சுள்ளிக்கட்டும் மண்ணும் போட்டு நிரப்பியிருந்தார்கள். மதில் மேலிருந்து எப்லேயின் ஆட்கள் கல் உருட்டினார்கள், கொதிநீர் ஊற்றினார்கள், தீப்பந்தம் வீசினார்கள். ஈரத்தோலில் விழுந்த பந்தங்கள் சீறி அணைந்தன. இடியின் வேகத்தைத் தாங்கக் கதவுக்கு முன்னால் வைக்கோல் மூட்டை தொங்கவிடுவது வழக்கம். வைக்கோல் இல்லை. எப்லேயின் குதிரைகள் தின்று தீர்த்திருந்தன.

மார்சால் கயிற்றுச் சுருளுடன் மேலே வந்து நின்றான்.

"என்னய்யா கயிறோட நிக்கிற?"

"மெத்தை வேணுமாம்."

"யாரு மெத்தை?"

மார்சால் கால் விரலைப் பார்த்தான்.

"ஏன், பிரபு படுக்குற மெத்தை எங்க போச்சு?"

"அது பட்டு உறையாம். மழையில நனஞ்சா வீணாயிருமாம்."

அல்பயீஸ் கத்துவாள் என்று மார்சால் எதிர்பார்த்தான். அவள் கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். அதுதான் அவனுக்கு உறைத்தது.

"ஒரே ஒரு தடவ அவரு மூஞ்சியப் பாத்துப் பேசியிருந்தா இந்தக் கதவு இரும்பா நிக்கும். நீயெல்லாம் ஒரு காவக்காரன். ஒரு கதவக் காக்கத் துப்பில்ல."

"இன்னிக்குக் காத்துருவேன் அல்பயீஸ்."

"கிழிச்ச. மெத்தையக் கிழிக்காம இறக்கு, அது போதும்."

அவன் ஜன்னல் வழியாக மெத்தையைப் பார்த்துப் பார்த்துத்தான் இறக்கினான். கயிற்றை இரண்டு வீரர்களிடம் கொடுத்துவிட்டுக் கீழே ஓடினான். கதவின் உட்பக்கம் முட்டுக்கொடுக்க ஓர் உத்தரம் உண்டு. ஒரு முனை கதவின் நடுப்பலகையில், மறுமுனை தரைக் குழியில். அதில் தோளைக் கொடுத்து நின்றுகொண்டான். ஓட்டை வழியாக அவன் மண்டை தெரிந்தது. அல்பயீஸ் வாளியைத் தள்ளி மூடினாள்.

வெளியே சிவப்பு மூக்கன் ராகம் போட்டான். "இழு, இழு, இன்னும் இழு, விடு!"

தரை அதிர்ந்தது. கவிழ்த்திருந்த வாளி உருண்டு சுவரில் மோதியது. ஜன்னலுக்கு வெளியே இறகுகள் குபுக்கென்று கிளம்பி மழையில் நனைந்து மெல்ல இறங்கின. அடுத்த இழுப்புக்குள் எப்லே மதிலில் நின்று வெள்ளைத்துணியை ஆட்டத் தொடங்கிவிட்டார். துணி முன்கூட்டியே கையில் தயாராக இருந்திருக்கிறது.

"தொட்டுருச்சு! தொட்டுருச்சு!" என்று ஆர்ஷம்போவின் ஆட்கள் கூச்சலிட்டார்கள். கொள்ளையடிக்கப் பை கொண்டுவந்தவர்கள் அவர்கள்.

முற்றத்தில் பிள்ளைகள் அலறுவது கேட்டது. அல்பயீஸ் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டினாள். அவளுக்கு யோசனை எதுவும் கிடையாது, ஆத்திரம்தான்.

"என்னத்தத் தொட்டுச்சு? எங்கடா தொட்டுச்சு? கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? உங்க கிடா முட்டுனது என் மெத்தைய! மாட்டத் தின்னீங்க, மெத்தையக் கிழிச்சீங்க, கதவுல உங்க மரம் எங்கடா பட்டுச்சு? காட்டுங்கடா பாப்போம்!"

கூச்சல் அடங்கியது. குதிரை மேல் இருந்த ஆர்ஷம்போ கையைத் தூக்கினார். அவருக்கும் அவருடைய கவலை. படைக்கு வந்தவர்கள் அவருக்காகச் சண்டை போட வேண்டிய தவணை முடிந்துவிட்டது. வீட்டில் கஷ்கொட்டை அழுகுகிறது என்று தினமும் முணுமுணுக்கிறார்கள். இங்கே எல்லாரையும் வெட்டினால் அடுத்த கோட்டைக்காரன் கடைசி ஆள் வரை நிற்பான். ஆனால் படை முன்னால் செய்த சத்தியத்தை விழுங்க முடியாது. அவருக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அதை ஒரு வாயாடி ஜன்னலிலிருந்து எறிந்தாள். எப்லேக்கும் அது தேன். பெரிய பிரபுவிடம் இடி வாங்கினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆர்ஷம்போவிடம் கதவைத் தொடவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஆர்ஷம்போ சத்தமாகச் சொன்னார். "கதவப் பாப்போம். ஒரு கீறல் இருந்தாலும் தொட்டதுதான். அந்த இடியில உள்ள ஒருத்தன் மேல அடி பட்டிருந்தாலும் தொட்டதுதான். வாசல்ல குடியிருக்கிறவ புனிதர் எலும்பத் தொட்டுச் சொல்லட்டும்."

அல்பயீஸ் ஓட்டைப் பக்கம் திரும்பிக் குனிந்தாள். "யோவ், கேட்டியா? கழுத்து தப்பிச்சுது! பேசுறதுன்னா எப்படின்னு இப்பவாச்சும் தெரிஞ்சுக்க!"

ஓட்டையில் அவன் மண்டை தெரியவில்லை.

அவள் படியில் விழுந்தடித்து இறங்கினாள். இடி மெத்தையைத் தாண்டி, பலகையைத் தாண்டி, உத்தரத்துக்குப் போயிருந்தது. உத்தரம் குழியிலிருந்து எகிறி அவன் நெஞ்சில் இறங்கியிருந்தது. வாயில் இரத்தம் நுரைத்தது. அவன் அவளைத் தேடி, கண்டுபிடித்தான்.

"நிக்குதா?"

"நிக்குதுய்யா. நிக்குது."

எப்போதும் போலச் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

எப்லேயும் பொன்ஸும் ஓடிவந்தபோது அவள் மடியில் பிணம்தான் இருந்தது. எப்லேயின் முகம் வெளுத்தது. மார்சாலுக்காக அல்ல.

"இவன யாரும் பாக்கக் கூடாது," என்றார். "படியில விழுந்து செத்தான், புரியுதா? இடியில செத்தான்னு தெரிஞ்சா எல்லாம் போச்சு."

"ஆமா மகளே," என்றார் பொன்ஸ். "இத்தன உசுரு இருக்கு. நீ சொல்றதுலதான் இருக்கு. ஆண்டவர் மன்னிப்பாரு."

தூக்கிக்கொண்டு போய் மறைக்க நேரமில்லை. வெளியே காலடிகள் வந்துவிட்டன. எப்லேயின் ஆட்கள் மெத்தையை அவிழ்த்து, பெரிய கதவிலேயே இருந்த சின்னத் திட்டிவாசல் வழியாக இழுத்து வந்து மார்சாலின் மேல் போட்டார்கள். வருஷக்கணக்கில் அவள் சேர்த்த இறகு முழுவதும் அவன் மேல் கொட்டியது. தேவைக்கு மேலேயே மூடியது. அப்படியும் ஒரு செருப்பு வெளியே தெரிந்தது.

ஆர்ஷம்போ கதவின் வெளிப்பக்கத்தைக் குனிந்து பார்த்தார். கையுறையைக் கழற்றிவிட்டுப் பலகையைத் தடவினார். கீறல் இல்லை. பிறகு உள்ளே வந்தார். பொன்ஸ் பேழையைத் திறந்து நீட்டினார்.

அல்பயீஸ் முற்றத்தைப் பார்த்தாள். பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தவர்கள் எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கை எலும்பின் மேல் இருந்தது. புனித மார்சாலின் விரல். அவள் மார்சாலின் விரல் இன்னும் சூடாறியிருக்காது.

"கிடா கதவத் தொடல," என்றாள். "உள்ள யாருக்கும் எதுவும் ஆகல."

அவ்வளவுதான். பிரபுக்கள் இருவரும் கன்னத்தில் முத்தமிட்டுச் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். எப்லேயின் சிவப்பு மேலங்கி முழுக்க இறகு. அதைத் தட்டிவிட்டுக்கொண்டே, "உன் மெத்தை ஒரு கோட்டையவே காப்பாத்திருச்சு போ!" என்று சிரித்தார். ஆர்ஷம்போ மெத்தையை மிதிக்காமல் அதைச் சுற்றி நடந்து போனார். செருப்பைப் பார்த்தார். பார்த்ததை அல்பயீஸும் பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, விருந்தில் என்ன கறி என்று கேட்டார்.

கிடாவின் இடியை நெஞ்சு நிமிர்த்தி வாங்கியவர் என்று பெரிய பிரபு எப்லேக்கு இதைவிடப் பெரிய கோட்டை கொடுத்தார். பாட்டுக்காரன் ஒருவன் பாட்டும் கட்டினான். நெஞ்சில் வாங்கியவன் பெயர் அதில் இல்லை. இந்த ஈனர்களைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பொன்ஸைப் பற்றி ஒன்று உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் அவள் அவரிடம் பாவமன்னிப்புக் கேட்கப் போனபோது, எலும்பைத் தொட்டுப் பொய்ச்சத்தியம் செய்ததற்காக வெள்ளிக்கிழமைதோறும் ரொட்டியும் தண்ணீரும் மட்டும் என்று அபராதம் விதித்தார்.

"பொய்யின்னு உங்களுக்கு எப்படி சாமி தெரியும்?" என்று கேட்டாள் அல்பயீஸ்.

அவர் ஜெபமாலையை உருட்டினார். அவள் எழுந்து வந்துவிட்டாள். அந்த வெள்ளிக்கிழமை பன்றிக்கொழுப்புப் போட்டு முட்டைக்கோஸ் சாறு வைத்துக் குடித்தாள்.

வசந்தத்தில் புதுக் காவலன் வந்தான், பெண்டாட்டியோடு. அல்பயீஸ் அறையைக் காலி செய்து, தைத்து முடித்த மெத்தையைச் சுருட்டி முதுகில் கட்டிக்கொண்டு இறங்கினாள். அதற்குள் அந்தக் கதவு பேர்பெற்றுவிட்டது. கிடா தொடாத கதவு என்று வழிப்போக்கர்களுக்கு வெளிப்பக்கத்தைக் காட்டினார்கள். வந்தவர்கள் எல்லாரும் வழவழப்பான பலகையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

புதுக் காவலன் உள்பக்கம் நின்று நடுப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உத்தரம் பதிந்திருந்த இடத்தில் மரம் நொறுங்கி, கை புகுமளவு குழிந்து கறுத்திருந்தது.

"வெளிய ஒரு கீறல் இல்லக்கா. உள்ள ஏன் இப்படி இருக்கு?"

அல்பயீஸ் நின்றாள். முதுகுச் சுமையோடு கையை நீட்டிக் குழியில் வைத்தாள்.

"அங்கதான் தம்பி தொட்டுச்சு," என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டிப் போனாள்.